ஆறு பாடம், ஆறு வகுப்பறை: சிங்கப்பூரின் 'சமய அறிவு' ஏன் நிலைக்கவில்லை

சிங்கப்பூரில் 1984 முதல் உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் (பதினைந்து, பதினாறு வயது) படித்த மாணவர்களுக்கு 'சமய அறிவு' கட்டாயப் பாடம். 1989 அக்டோபரில் அந்தக் கட்டாயத்தை அரசே விலக்கிக்கொண்டது. பள்ளியில் சமயம் சொல்லிக்கொடுக்கலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், இந்த ஆறாண்டு அனுபவத்தைக் காட்டி "பாருங்கள், வகுப்பறைக்குள் சாமியை விட்டால் இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். கோப்புகளைக் கொஞ்சம் பொறுமையாகப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அந்தப் பாடத்தை எப்படிப் பிரித்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்ற மூன்றிலும் கோளாறு இருந்தது. ஒவ்வொன்றும் திருத்தக்கூடிய கோளாறு. ஆனால் திருத்த யாரும் முயலவில்லை, பாடத்தையே எடுத்துவிட்டார்கள்.

நோக்கத்திலேயே ஒரு முடிச்சு

1979இல் இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்று கல்வி அமைப்பு முழுவதையும் ஆராய்ந்த கோ கெங் சுவீ அறிக்கை. மற்றது ஓங் தெங் சியோங் தலைமையிலான நன்னெறிக் கல்விக் குழுவின் அறிக்கை. அப்போது ஆங்கிலவழிப் படிப்பு வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஏற்றுமதித் தொழில் செழித்தது, கையில் காசு புழங்கியது. பிள்ளைகள் வேரறுந்து போவார்கள், மேலைநாட்டுப் பழக்கங்கள் தொற்றும் என்ற கவலை மேல்மட்டத்தில் இருந்தது. 1982 ஜனவரியில், அப்போது கல்வி அமைச்சராக இருந்த கோ கெங் சுவீ வழி சொன்னார்: உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் எல்லாருக்கும் சமயப் பாடம்.

இங்கே சமயம் ஒரு கருவி. ஒழுக்கம் வேண்டும், சமயம் ஒழுக்கத்தைக் கொடுக்கும், ஆகவே சமயம் படி. நம்பிக்கையாளர்களே இந்தத் தர்க்கத்தைக் கேட்டால் நெளிவார்கள். புத்தர் துக்கத்தைப் பற்றிச் சொன்னதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளக்குவதும், அந்தப் பிள்ளை காப்பியடிக்காமல் தேர்வெழுதுவதும் வேறு வேறு சங்கதிகள். முன்னதை ஆசிரியர் கற்றுக்கொடுக்க முடியும். பின்னதற்கு எந்தப் பாடநூலும் உத்தரவாதம் தராது. பாடம் வெற்றியா தோல்வியா என்பதை எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு முதல் நாளே விடை இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

பிரித்த விதம்

மாணவர் ஒருவர் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடைமுறையில் இருந்தவை ஆறு: விவிலிய அறிவு, பௌத்தப் படிப்பு, கன்ஃபூசிய நெறி (பண்டைச் சீன அறிஞர் கன்ஃபூசியஸின் ஒழுக்கப் போதனை), இந்துப் படிப்பு, இஸ்லாமியச் சமய அறிவு, சீக்கியப் படிப்பு. பாடநூல்களைத் தயாரிக்கும் வேலை பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்திடம் வந்தது. இரண்டாண்டுப் படிப்பு, முடிவில் ஜிசிஇ சாதாரண நிலை என்ற பொதுத் தேர்வு. 'உலகச் சமயங்கள்' என்றொரு பாடமும் முதலில் திட்டத்தில் இருந்தது. பிறகு அது கைவிடப்பட்டது. பலவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வாய்ப்பளித்திருக்கக்கூடிய ஒரே பாடம் அதுதான்.

அரசுக்குச் செல்லப்பிள்ளை கன்ஃபூசிய நெறி. அதற்காக 1982இல் வெளிநாடுகளிலிருந்து எட்டு அறிஞர்களை வரவழைத்தார்கள். ஹார்வர்டின் டூ வெய்மிங்கும் யேலின் யூ யிங்ஷியும் அவர்களில் இருவர். அன்று மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சீனர்கள் இருந்த நாடு. ஆனாலும் 1989இல் கன்ஃபூசிய நெறியைப் படித்தவர்கள் சுமார் 18 விழுக்காடுதான். பௌத்தப் படிப்பை ஏறத்தாழ 44 விழுக்காட்டினரும், விவிலிய அறிவை 21 விழுக்காட்டினரும், இஸ்லாமியச் சமய அறிவை 13 விழுக்காட்டினரும் எடுத்தார்கள். மீதிச் சிறு பங்குதான் இந்து, சீக்கியப் பாடங்களுக்கு.

இந்தக் கணக்கை 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்புடன் ஒட்டிப் பாருங்கள். அதில் மிகப் பெரிய பிரிவு தாவோயிசமும் சீன மரபு வழிபாடுகளும், ஏறத்தாழ 30 விழுக்காடு. அந்தப் பிரிவுக்குப் பாடமே கிடையாது! வீட்டில் முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி, ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்குப் படையல் வைக்கும் குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்கு வந்தால், பௌத்தப் படிப்பில் நான்கு வாய்மைகளையும் எண்வகை மார்க்கத்தையும் படித்தது. அது நூல்வழி பௌத்தம், சடங்கைக் கழித்துவிட்டுக் கருத்தை மட்டும் தரும் பௌத்தம். பாட்டி செய்வதெல்லாம் மூடநம்பிக்கை, பாடநூலில் இருப்பதே அசல் சமயம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் வலுத்ததற்கு இந்தப் பாடமும் துணைபோனது. பிறந்த சமயத்திலேயே பிள்ளையை நிலைநிறுத்தப் போட்ட திட்டம், கணிசமான பிள்ளைகளை வீட்டுச் சமயத்திலிருந்து நகர்த்தியது.

வாட்டர்லூ தெருவுக்குப் போனால் இதன் அபத்தம் கண்ணில் படும். குவான் இம் கோயிலுக்கு வரும் சீன பக்தர்கள், அங்கே கும்பிட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுபத்தியைப் பிடித்து வணங்குவார்கள். அவர்களுக்கென்றே அங்கே ஊதுபத்திக் கலயம் வைத்திருக்கிறார்கள். இந்த வழிபாட்டை ஆறு பாடங்களில் எந்தப் பாடத்தில் வைப்பீர்கள்? தெருவில் கலந்து கிடப்பதை வகுப்பறையில் பிரித்து அடுக்கினார்கள்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு தொல்லை, எண்ணிக்கை. இந்துக்கள் அன்று மக்கள்தொகையில் சுமார் 3.6 விழுக்காடு. உயர்நிலை மூன்றில் 300 பேர் படிக்கும் பள்ளி என்று வைத்துக்கொண்டால், சராசரியாக அதில் 11 இந்துப் பிள்ளைகள். அந்தப் பதினொரு பேருக்காக ஒரு வகுப்பறை, ஒரு ஆசிரியர், கால அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்க எந்தத் தலைமையாசிரியரும் யோசிப்பார். பல பள்ளிகள் ஆறு பாடங்களையும் நடத்தவில்லை, இரண்டு மூன்றோடு நின்றன. சிறுபான்மைப் பிள்ளை இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பொதுத் தேர்வுப் பாடம் என்று ஆகிவிட்டால், எதில் மதிப்பெண் சுலபம் என்று கணக்குப் போடுவதும் இயல்பு. அதற்குப் பிள்ளைகளைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆசிரியர் என்ற முட்டுச்சந்து

கணக்கு ஆசிரியருக்குக் கணக்குத் தெரிந்தால் போதும். சமயப் பாடத்துக்கு ஆள் தேடும்போது, அந்தச் சமயத்தில் ஆழ்ந்த ஈடுபாடுள்ளவரே கை தூக்குவார். பாடத்தை அவர் நன்றாகவே நடத்துவார், அதுதான் சிக்கல். ஒரே நம்பிக்கையில் உள்ள, அல்லது அதை நோக்கி வந்துள்ள முப்பது பிள்ளைகள், எதிரே பற்றுமிக்க ஆசிரியர், வேறு கண்ணோட்டம் சொல்ல வகுப்பில் ஒருவரும் இல்லை. பாடநூல் எவ்வளவு நடுநிலையாக எழுதப்பட்டிருந்தாலும், இந்த ஏற்பாட்டில் பாடம் போதனையாகச் சரிந்துவிடும். மதம் மாற்றும் உள்நோக்கம் யாருக்கும் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

வெளியே சூழலும் சூடாகிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் படித்த இளையரிடையே கிறிஸ்தவம் பரவியது. 1980இல் பத்து விழுக்காட்டளவில் இருந்த கிறிஸ்தவர்கள் 1990 கணக்கெடுப்பில் 12.7 விழுக்காடாக உயர்ந்தார்கள். அதற்கு எதிர்வினையாகப் பௌத்த, இந்து அமைப்புகளும் சுறுசுறுப்படைந்தன. 1989 டிசம்பரில் வந்த சமய நல்லிணக்க வெள்ளையறிக்கை சில உரசல்களைப் பதிவு செய்திருக்கிறது. 1986இல் ஓர் இந்துக் கோயில் வாசலிலேயே கிறிஸ்தவக் கருத்தரங்கின் சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்தது. சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குப் போகும் பக்தர்களிடம் கிறிஸ்தவப் பிரசாரகர்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்ததற்கு இந்துக்கள் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

சமூக மேம்பாட்டு அமைச்சுக்காக எடி குவோ, ஜான் குவா, டோங் சீ கியோங் ஆகிய மூவர் 1988இல் சமய எழுச்சியை ஆராய்ந்தார்கள். எழுச்சிக்கு உரம் போட்டவற்றில் பள்ளிப் பாடமும் உண்டு என்பது அரசின் காதில் விழுந்தது. 1989 அக்டோபரில் கல்வி அமைச்சர் டோனி டான் அறிவித்தார்: 1990 முதல் கட்டாயம் இல்லை, விரும்புவோர் வழக்கமான பாடநேரத்துக்கு வெளியே படிக்கலாம். சமயங்களிடையே அரசு நடுநிலை பேண வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். மளமளவென்று மாற்று ஏற்பாடுகள் வந்தன. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது, 1992இல் நடப்புக்கு வந்தது. 1991 ஜனவரியில் ஐந்து பொது விழுமியங்களை நாடாளுமன்றம் ஏற்றது, ஐந்தாவது இன, சமய நல்லிணக்கம். 1992இல் பள்ளிகளில் குடிமை, நன்னெறிக் கல்வி. 1997 முதல் ஜூலை 21இல் இன நல்லிணக்க நாள்.

இவற்றில் நல்லிணக்கம் நிறைய இருக்கிறது, சமயம் குறைவு. பக்கத்து மேசைப் பிள்ளையின் பண்டிகை உடையைத் தெரியும், அவன் எதை நம்புகிறான், ஏன் நம்புகிறான் என்பது தெரியாது. பாடத்தை எடுத்ததால் உண்டான இடைவெளி இது.

இங்கிலாந்து வேறு விதமாகப் பிரித்தது

அங்கேயும் ஆரம்பம் ஒரு சமயப் போதனைதான். 1944 கல்விச் சட்டம் அரசு நிதியில் நடக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் சமயப் போதனையைக் கட்டாயமாக்கியது, நடைமுறையில் அது கிறிஸ்தவமே. பர்மிங்காம் நகரில் குடியேறிகள் பெருகிய பிறகு, 1975இல் அந்த ஊர் தனக்கென்று பல சமயப் பாடத்திட்டம் வகுத்தது. சமயமில்லா வாழ்க்கை நோக்குகளையும் அதில் சேர்த்ததால் பெரிய அமளி நடந்தது. 1988 சட்டம் பாடத்தின் பெயரையே சமயக் கல்வி என்று மாற்றி, நாட்டின் சமய மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதை ஏற்றுக்கொண்டே மற்ற முக்கியச் சமயங்களையும் படிக்கச் சொன்னது.

சிங்கப்பூர் கவனித்திருக்க வேண்டிய இரண்டு ஏற்பாடுகள் அங்கே உண்டு. முதலாவது, பாடத்திட்டத்தை யார் முடிவு செய்வது என்பது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நான்கு குழுக்கள் கூடும்: இங்கிலாந்துத் திருச்சபை, மற்றக் கிறிஸ்தவப் பிரிவுகளும் பிற சமயங்களும், ஆசிரியர் சங்கங்கள், உள்ளாட்சி. குழுவுக்கு ஒரு வாக்கு. நாலும் ஒத்துக்கொண்டால்தான் பாடத்திட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபார்வை. இழுபறிதான், நேரம் விழுங்கும். ஆனால் யார் தலையிலும் இன்னொருவர் பாடம் திணிக்கப்படாது.

இரண்டாவது வினாத்தாள். 2016இலிருந்து ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வு) சமயக் கல்வியில் குறைந்தது இரண்டு சமயங்கள். மதிப்பெண்ணில் பாதி அறிவுக்கு, பாதி ஆராய்ந்து மதிப்பிடுவதற்கு. பரவலாக எடுக்கப்படும் ஒரு தாளின் அமைப்பைப் பார்த்தால், ஒரு பகுதியில் ஐந்து வினாக்கள்: 1, 2, 4, 5, 12 என்று மதிப்பெண். கடைசி 12 மதிப்பெண் வினாவில் ஒரு கூற்று கொடுப்பார்கள். மாணவர் அதை ஆதரிக்கும் வாதங்களைத் தர வேண்டும், மாற்றுக் கருத்துக்கான வாதங்களையும் தர வேண்டும், சமயப் போதனையைச் சுட்ட வேண்டும், கடைசியில் காரணத்தோடு ஒரு முடிவுக்கு வர வேண்டும். 'மறுமையை நம்புகிறவரால்தான் நேர்மையாக வாழ முடியும்' என்பது கூற்று என்று வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பிள்ளைக்கு, எவ்வளவு பக்தியோடு எழுதியிருந்தாலும், பாதியைத் தாண்டுவது கடினம். சிங்கப்பூர் எந்த அனுமானத்தின் மேல் பாடத்தைக் கட்டியதோ, அந்த அனுமானத்தையே இங்கே பிள்ளை கேள்வி கேட்கிறது. தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும், ஆகவே போதனைக்கு இடம் தானாகவே சுருங்குகிறது.

இங்கிலாந்திலும் எல்லாம் நேராக இல்லை. தேசியப் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்பதால் இந்தப் பாடத்துக்கு நேரம் கிடைப்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். வேறு துறை ஆசிரியர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. நிறைய சமயங்களைத் தொட்டு எதிலும் ஆழமில்லாமல் போவதை 2024இல் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் குறை கூறியது. ஆறு சமயம், ஆறு பண்டிகை, ஆறு புனித நூல் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யும் பாடம் யாருக்கும் உதவாது.

நடத்துவதென்றால் எப்படி

நாற்பது வாரக் கல்வியாண்டில் வாரம் ஒரு பாடவேளை என்றால், தேர்வும் விழாவும் போக 32 தேறும். இரண்டு சமயங்களுக்குத் தலா 12 பாடவேளை கொடுங்கள். ஒன்று வகுப்பில் பலருடையதாகவும், மற்றது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாததாகவும் இருக்கட்டும். மீதி எட்டில் சமயமில்லாதவர்களின் வாழ்க்கை நோக்குக்கு மூன்று, களப் பயணத்துக்கும் அதன் முன்பின் வேலைக்கும் ஐந்து. மூன்றாவது சமயத்தைச் சேர்க்கச் சொல்லி நிச்சயம் கோரிக்கை வரும். அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். வகுப்பைப் பிரிக்கவே கூடாது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில்.

ஆசிரியரின் நாக்கைப் பழக்குவது பெரிய வேலை. 'நாம் வணங்குகிறோம்' என்பதை விட்டு 'சைவர்கள் வணங்குகிறார்கள்' என்று சொல்ல வேண்டும். 'முஸ்லிம்கள் இப்படித்தான்' என்பதற்குப் பதில் 'பல முஸ்லிம்கள்'. சைவருக்குள், முஸ்லிமுக்குள், கிறிஸ்தவருக்குள் கருத்து வேறுபாடு உண்டு என்பதே பாடத்தின் பாதி. "சார், நீங்க எந்தச் சாமி?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மழுப்ப வேண்டாம். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "எங்க வீட்டு வழக்கம் அது, தேர்வுல அதுக்கு மார்க் கிடையாது" என்று பாடத்துக்குத் திரும்பலாம். மறைத்தால் ஊகம் வளரும், விரித்துப் பேசினால் போதனையாகும்.

வகுப்பில் ஒரே ஒரு இந்துப் பிள்ளை இருந்தால் அவனைப் பார்த்து "உங்க வீட்ல என்ன செய்வீங்க, சொல்லு" என்பது அடிக்கடி நடக்கும் தவறு. நல்லெண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் பதினான்கு வயதில் ஒரு சமயத்துக்கே பேச்சாளராக நிற்பது கொடுமை. அவனுக்குத் தெரியாவிட்டால் இரட்டை அவமானம். சடங்குகளை நடித்துக் காட்டச் சொல்வதும் வேண்டாம். ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்துகாட்டும் நாடகம், பொய்த் தாலி கட்டும் நாடகம் எல்லாம் வீட்டிலிருந்து புகாரைக் கொண்டுவரும், அந்தப் புகாரில் நியாயமும் இருக்கும்.

களப் பயணத்துக்குச் சிங்கப்பூரைப் போல வாய்த்த ஊர் அரிது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், நடந்துபோகும் தூரத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல், அதே சாலையில் புத்தரின் புனிதப் பல் கோயில். கோயில் நண்பகலில் நடைசாத்தும், பள்ளிவாசலில் வெள்ளி மதியம் தொழுகை. ஆகவே வெள்ளி தவிர்த்து ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடிக்க வேண்டும். 40 பேர் என்றால் இருபது இருபதாகப் பிரித்து, ஓரிடத்துக்கு 30 நிமிடம். இரண்டு வாரம் முன்பே பெற்றோருக்குக் கடிதம்: எங்கே போகிறோம், வழிபாட்டில் யாரும் பங்கெடுக்க வேண்டியதில்லை, பிரசாதம் வாங்குவதும் வாங்காததும் பிள்ளை விருப்பம், உள்ளே வர மனமில்லாதவர் வாசலில் நின்று கோபுரத்தை வரையலாம் என்று தெளிவாக எழுத வேண்டும். கடைசி வரியை விட்டுவிட்டால் பத்து கடிதம் மறுப்போடு திரும்பும். கையில் ஒரு தாள், மூன்று பத்தி: பார்த்தது, கேட்டது, விளங்காதது. திரும்பி வந்ததும் மூன்றாவது பத்தியிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் ஒரு பாடவேளை போதாது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தி இல்லை. அங்கே சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் சமயம் ஆறு கட்டாயப் பாடங்களில் ஒன்று, அவரவர் சமயத்தையே அவரவர் படிப்பது வழமை. சமய பாடவேளை வந்ததும் சைவநெறி ஒரு பக்கம், கத்தோலிக்கம் ஒரு பக்கம் என்று வகுப்பு பிரியும். சிங்கப்பூர் கைவிட்ட அமைப்பு ஏறத்தாழ இதுதான். ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையும் இதே வேலையைச் செய்கிறது. எனவே தரம் 10இல் சமயத்துக்குரிய பாடவேளைகளில் பன்னிரண்டை மட்டும் ஒதுக்கி, எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து அயலவர் சமயத்தைப் படிக்கச் செய்தால், யாருடைய சமயப் பயிற்சியும் குறைந்துவிடாது. தடை வருவது வினாத்தாளில்தான். பரீட்சையில் வராத பன்னிரண்டு பாடவேளையையும் இரண்டாம் தவணையிலேயே கணிதம் விழுங்கிவிடும். ஒரு வினாவாவது, அதுவும் இரண்டு பக்கமும் எழுதக் கேட்கும் வினாவாக, சமயத் தாளில் சேர வேண்டும். அதற்குப் பரீட்சைத் திணைக்களம் மனம் வைக்க வேண்டும்.